அப்பாவின் கந்தோர்

கம்பஸில் றம்ஸியா மிஸ் எங்களுக்குத் தந்த வேலை லேசானது. அவரவர் தன் பெயரை இணையத்தில் தேட வேண்டும். கூகுளில் ஒரு தடவை, பேஸ்புக்கில் ஒரு தடவை. என்ன வருகிறது என்று பார்த்துவிட்டு, ‘இணையத்தில் நற்பெயர்: எனது பார்வை’ என்று இரண்டு பக்கக் கட்டுரை எழுதிக் கொடுக்க வேண்டும். கொம்பியூட்டர் அறையில் முப்பது பேர் இருந்து முப்பது பெயர்களைத் தட்டினோம். ஒரே சிரிப்பும் கூத்தும். கிண்ணியா நப்லாவுக்கு, ஸ்கொலர்ஷிப் பாஸ் பண்ணிய வருசம் மாலையும் கழுத்துமாக முழித்துக்கொண்டு நின்ற படம் வந்தது. அர்ஷாக்குக்கு, பதினாறு வயதில் ஒரு கிரிக்கெட் சண்டையில் அவன் எழுதிய தூஷணம் அப்படியே வந்து நின்றது. மிஸ் பின்னால் நின்று வாசித்துக்கொண்டிருந்ததை அந்த மடையன் கவனிக்கவில்லை.

என் பெயருக்கு ஒன்றும் வரவில்லை. தங்கத்துரை அனுஷியா என்று தமிழில் தட்டினேன், ஆங்கிலத்தில் தட்டினேன். வெறும் பக்கம்தான்.

“பாருங்க புள்ளையள், அனுஷியாதான் கவனமான புள்ள. ஒரு கறை இல்ல. இந்தக் காலத்தில இப்பிடிப் பேரை வச்சிருக்கிறது லேசான விசயமா?” என்றார் மிஸ். எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நப்லா கைகூடத் தட்டினாள்.

எனக்கு விசர்க்கோபம் வந்துவிட்டது. எழும்பி வெளியே போய், கழுவுமிடத்தில் பைப்பைத் திறந்துவிட்டு அழுதேன். தண்ணீர் வீணாகப் போகிறது என்று யாரோ ஒருத்தி ஏசிவிட்டுப் போனாள்.

மிஸ், இதுதான் அந்தக் கட்டுரை. இரண்டு பக்கத்தில் அடங்காது. பார்வை கேட்டீர்கள். பார்வையெல்லாம் கண் இருக்கிறவர்களுக்கு. எனக்கு நடந்ததைத்தான் எழுதத் தெரியும். மார்க்ஸ் போடாவிட்டாலும் பரவாயில்லை.

எங்கள் ஊரின் பெயரை எழுதமாட்டேன். ஒரு தடவை எழுதிப் பட்டது போதும். சல்லிக்கும் நிலாவெளிக்கும் இடையில் ஒரு கரை என்று வைத்துக்கொள்ளுங்கள். இருபத்திரண்டு வள்ளம், ஒரு அம்மன் கோயில், ஒரு மீனவர் சங்கக் கட்டடம். அந்த இருபத்திரண்டில் ஒன்று அப்பாவுடையது. அப்பாவின் பெயர் தங்கத்துரை. உயரம் குறைவு, பேச்சு அதைவிடக் குறைவு. கோபம் வந்தால் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு கிணற்றடிக்குப் போய் இரண்டு வாளி தண்ணீர் அள்ளித் தலையில் ஊற்றிக்கொண்டு வருவார். அவ்வளவுதான் அவருடைய சண்டை. என் வாய் அம்மாவிடமிருந்து வந்தது.

இரண்டாம் வகுப்பில் ரீச்சர் ஒரு படிவம் நிரப்பினார். அப்பா என்ன வேலை, எந்தக் கந்தோரில் உத்தியோகம் என்று ஒவ்வொருத்தராகக் கேட்டார். என் பக்கத்தில் இருந்தவள் கச்சேரிக் கந்தோர் என்றாள், அடுத்தவள் தபால் கந்தோர் என்றாள். நான் முழுசிக்கொண்டு நின்றுவிட்டு, வீட்டுக்கு வந்து அப்பாவைப் பிடித்தேன்.

“அப்பா, உங்கட கந்தோர் எங்க?”

அப்பா தலையைச் சொறிந்தார். பிறகு கடலைக் காட்டினார். “அந்தா தெரியுது. கதிரை இல்ல, கதவு இல்ல. பெரியவர்தான் கொஞ்சம் கோவக்காரர்.”

நான் அடுத்த நாள் அப்படியே சொன்னேன். வகுப்பே சிரித்தது. எனக்கு அது பகிடி என்று அப்போது விளங்கவில்லை.

பிறகு ரவுணில் பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போனேன். பெரிய உத்தியோகக்காரர் இருக்கும் ஓர்ஸ் ஹில்லில் இருந்து வரும் ஒருத்தி, நான் பக்கத்தில் இருந்தால் மீன் நாறுது என்று லேஞ்சித் துணியை மூக்கில் வைப்பாள். அவள் பெயரை எழுதமாட்டேன். அவளுக்கும் ஒரு பெயர் இருக்கிறது, அதைக் கெடுத்து எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. ஆனால் அந்த லேஞ்சி என் மனதில் பதிந்துவிட்டது. தங்கத்துரை யார் என்று உங்களுக்குக் காட்டுகிறேன் பாருங்கள் என்று மனதுக்குள் கறுவிக்கொண்டு திரிந்தேன்.

எங்கள் கரையில் கூகுள் வருவதற்கு முன்பே ஆளைத் தேட வழி இருந்தது. “நீ ஆரின்ர பிள்ளை?” என்று கேட்பார்கள். “தங்கத்துரையின்ர” என்றால், “ஓ, அவனின்ரயோ, நல்ல மனுசன்” என்று சொல்லிவிட்டுப் போவார்கள். இரண்டு செக்கனில் தேடல் முடிந்தது. அந்தப் பதிலைக் கேட்டுக் கேட்டு எனக்குப் பழகிவிட்டது. பழகியதால் அதன் பெறுமதி தெரியவில்லை. நம் கரைக்கு மட்டும் தெரிந்த பெயர் ஒரு பெயரா என்று நினைத்தேன். ஊர் உலகத்துக்குத் தெரிய வேண்டும், ஓர்ஸ் ஹில்லுக்குத் தெரிய வேண்டும்.

நான் உயர்தரம் படிக்கும்போது தாய்மாமாவின் மகன் கட்டாரிலிருந்து ஒரு பழைய போனை அப்பாவுக்குக் கொண்டுவந்து கொடுத்தான். அப்பா அதைப் பொலித்தீன் பைக்குள் போட்டு, ரப்பர் வளையம் போட்டுக் கட்டி, மடியில் செருகிக்கொண்டு கடலுக்குப் போவார். காற்றுப் பார்க்கும் அப் ஒன்றை அதில் போட்டுக் கொடுத்தேன். முதலில் வானத்தைப் பார்ப்பார், பிறகு போனைப் பார்ப்பார், பிறகு “உதுவும் சரியாத்தான் சொல்லுது” என்று அதற்கு மார்க்ஸ் போடுவார்.

அந்தப் போனால்தான் எனக்கு யோசனை வந்தது. டிக்டொக்கில் ‘கடல் தங்கத்துரை’ என்று ஒரு பக்கம் தொடங்கினேன். அப்பா கிழிந்த வலை பொத்துவது, அம்மா திருக்கைக் கறி வைப்பது, அப்பா காகத்தோடு சண்டை பிடிப்பது என்று சின்னச் சின்ன வீடியோக்கள். முதலில் வெட்கப்பட்டார். “என்ர மூஞ்சையை ஆர் பிள்ளை பாக்கப்போறாங்கள்?” என்றார். பார்த்தார்கள், மிஸ். பதினோராயிரம் பேர் பின்தொடர்ந்தார்கள். ஒரு நாள் ரவுண் பஸ் ஸ்ராண்டில் யாரோ ஒரு பெடியன், “நீங்கள்தானே கடல் தங்கத்துரை அண்ணை?” என்று கேட்டிருக்கிறான். அப்பா அதை வீட்டுக்கு வந்து மூன்று தரம் சொன்னார். மூன்றாம் தரம் சொல்லும்போது அம்மா, “ஓமோம், இனி உங்களுக்கு மாலை ஒண்டுதான் குறைச்சல்” என்று நக்கலடித்தார். அப்பா சிரித்தார். அந்தச் சிரிப்பைப் படமெடுத்துப் பக்கத்தின் முகப்பில் போட்டேன்.

இனி அம்மன் கல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். கடலுக்குள் இருக்கும் பாறைத் திட்டுகளை எங்கள் ஆட்கள் கல் என்பார்கள். கலவாய், விளைமீன் எல்லாம் அங்கேதான் குடியிருக்கும். எங்கள் கரைக்கு அப்படி ஒரு கல் இருந்தது. அதற்கு அம்மனின் பெயரை வைத்திருந்தார்கள். யுத்த காலத்தில் கடல் பூட்டிக் கிடந்தபோது அங்கே மீன் பெருத்துக் கிடந்தது. அதற்குப் பிறகு சங்கம் ஒரு முடிவு எடுத்தது. வலை போடக்கூடாது, தூண்டில் மட்டும். இருபத்திரண்டு வள்ளமும் முறை வைத்துத்தான் போக வேண்டும். வெளியாருக்குச் சொல்லக்கூடாது, ஜிபிஎஸ்ஸில் பதியக்கூடாது. இருபத்திரண்டு பேரும் அம்மன் சந்நிதியில் கற்பூரத்தைக் கொளுத்தி, கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்தார்கள். எங்கள் கரையில் அதற்கு மேல் ஒரு சத்தியம் கிடையாது. கோட்டுக் கூண்டில் ஏறிப் பொய் சொல்கிறவனும் அங்கே பொய் சொல்லமாட்டான்.

அந்தக் கல்லைக் கண்ணால்தான் பிடிப்பார்கள். கரையில் ஒரு மலையின் முதுகும் ஒரு போன் டவரும் ஒரே கோட்டில் வர வேண்டும். இன்னொரு பக்கம் இன்னும் இரண்டு அடையாளம் ஒன்றை ஒன்று மறைக்க வேண்டும். இரண்டு கோடும் சந்திக்கும் இடத்தில் நங்கூரத்தைப் போட்டால் கீழே கல். எந்த மலை, எந்த டவர் என்று இப்போதும் எழுதமாட்டேன். எழுதினாலும் இனி ஒரு நட்டமும் இல்லை, ஆனாலும் எழுதமாட்டேன்.

என் உயர்தரச் சோதினைக்கு மூன்று மாதம் இருந்தது. அன்று அப்பாவின் முறை. கூட்டாளி கோணேஸ்வரன் மாமாவோடு போயிருந்தார். பள்ளிக்கூடம் விட்டு பஸ்ஸுக்கு நிற்கும்போது வட்ஸ்அப்பில் ஒரு வீடியோ வந்து விழுந்தது. கோணேஸ் மாமா ஒரு கலவாயைத் தூக்க ஏலாமல் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கிறார். மாமாவின் நெஞ்சளவுக்கு மீன். போன் மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றுகிறது. கடல், வானம், தூரத்தில் கரை, மலை, டவர், மறுபடியும் கடல். “பிள்ளை, பார், இதுதான் கொப்பரின்ர கந்தோர்” என்று அப்பாவின் குரல். அதோடு தனியாக ஒரு குரல்பதிவும் வந்தது. “இது உனக்கு மட்டும் பிள்ளை.”

உனக்கு மட்டும் என்றார். எனக்குச் சத்தியம் பற்றித் தெரியும், அடையாளம் பற்றியும் கேள்விப்பட்டிருக்கிறேன். ஆனால் எனக்கு அது காட்சி, மிஸ். மலை வடிவாக இருந்தது, அவ்வளவுதான். வழமைபோல வெட்கப்படுகிறார் என்று நினைத்தேன். பஸ் வருவதற்குள் பாட்டு ஒன்றைச் சேர்த்து, ‘அப்பாவின் கந்தோர்’ என்று தலைப்புப் போட்டு, ஊரின் பெயரையும் போட்டு, அனுப்பிவிட்டு ஏறிவிட்டேன்.

மூன்று லட்சம் பேர் பார்த்தார்கள். லேஞ்சிக்காரி வகுப்பில் என்னிடம் வந்து, “உங்கட அப்பாவா? சுப்பர் என்ன!” என்றாள். எனக்குத் தலைகால் தெரியவில்லை. நூற்றுக்கணக்கான பின்னூட்டங்களில் ஒன்று எனக்கு இப்போதும் மனப்பாடம். படம் இல்லாத ஒரு கணக்கு. “நல்ல இடம் அண்ணை” என்று எழுதி ஒரு சிரிப்பு முகம் போட்டிருந்தது. நான் அதற்கு ஒரு இதயம் போட்டேன். நாசமாய்ப் போன இதயம்.

அப்பா இரண்டு நாள் கழித்துத்தான் அறிந்தார். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் அப்படியே கையைச் சோற்றுக் கோப்பையில் வைத்துக்கொண்டு இருந்தார். “அழிச்சுவிடு பிள்ளை” என்று மட்டும் சொன்னார். பிறகு கிணற்றடிக்குப் போனார். நான் அழித்தேன். ஆனால் அதற்குள் அதை எத்தனையோ பேர் இறக்கித் தங்கள் போனில் வைத்திருந்தார்கள். அழித்தல் என்று போனில் ஒரு பட்டன் இருக்கிறதே, அதைப்போல ஒரு பொய் உலகத்தில் வேறு இல்லை.

ஒன்பதாம் நாள் காலையில் எங்கிருந்தோ நாலு ஃபைபர் வள்ளங்கள் வந்தன. யாரென்று இன்றுவரை தெரியாது. கரையில் நின்றவர்களுக்கு மூன்று வெடிச் சத்தம் கேட்டது. டைனமைட். எங்கள் ஆட்கள் ஓடிப்போய்ச் சேரும்போது அவர்கள் அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். மிச்சமாக விரல் நீளக் குஞ்சுகள் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. அடியில் சுழியோடிப் பார்த்த ஒருவர் மேலே வந்து, “கல்லுச் சுண்ணாம்பாப் போச்சு” என்று சொல்லிவிட்டு வள்ளத்தில் குந்தியிருந்து அழுதாராம்.

அடுத்த நாள் பின்னேரம் சங்கத்தில் கூட்டம். அப்பாவைக் கூப்பிட்டார்கள். நான் அறைக்குள் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு ஒரு எழுத்தும் ஏறாமல் இருந்தேன். அப்பா பொழுதுபடும் நேரம் வந்தார்.

“என்னவாம்?” என்று அம்மா கேட்டார்.

“சங்கத்தில இருந்து பேரை வெட்டிப்போட்டாங்கள். இனிக் கரையில வள்ளம் இறக்கேலாது.” அவ்வளவும் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். “நீ படி பிள்ளை.”

அவருடைய வலது உள்ளங்கையில் ஒரு கறுத்த வட்டம், நடுவில் கொப்பளம். “என்னப்பா இது கையில?” என்று கேட்டேன். “எஞ்சின் புகைக்குழாய் பட்டுட்டு” என்றார். அன்று அவர் வள்ளத்தடிக்கே போகவில்லை என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. அம்மா தேங்காயெண்ணெய் பூசிவிட்டார்.

மறுநாள் ஊரின் பேஸ்புக் பக்கத்தில் அப்பாவின் படம் வந்தது. நான் எடுத்த அந்தச் சிரிப்புப் படம்தான். மேலே, ‘கடலை விற்ற துரோகி’ என்று எழுதி, பெயர், ஊர் எல்லாம் போட்டிருந்தார்கள். இந்த நாட்டில் எங்களுக்குள் அந்தச் சொல்லுக்கு என்ன பாரம் என்று வெளியாருக்குச் சொல்லி விளங்கப்படுத்த ஏலாது. யுத்த காலத்தில் அந்தச் சொல் எழுதிய மட்டையோடு ஆட்கள் செத்துக் கிடந்திருக்கிறார்கள். வீடியோ பார்க்கிறவர்களிடம் டொலர் வாங்கினான், அதற்காகக் கல்லைக் காட்டிக் கொடுத்தான் என்று பின்னூட்டங்கள். ஒரு சதம் வரவில்லை, மிஸ். இரண்டு பின்னூட்டத்துக்கு மேல் என்னால் வாசிக்க முடியவில்லை, மூடிவிட்டேன்.

நான் ஓடிப்போய்ச் சொல்லியிருக்க வேண்டும். அது நான், அப்பா இல்லை, என்று கோயிலடியில் நின்று கத்தியிருக்க வேண்டும். சொல்லப்போகிறேன் என்று ஒரு நாள் வெளிக்கிட்டேன். அம்மா கதவில் மறித்து நின்றார்.

“நீ வாயைத் திறந்தா நாளைக்கு உன்ர படத்தையும் போடுவாங்கள். பொம்பிளைப் பிள்ளை. படிப்பும் போய், வாழ்க்கையும் போய், அந்த மனுசன் பட்டதும் வீணாப் போகட்டுமே? உள்ள போ!”

அம்மா மறித்தார் என்று சொல்வது சாட்டு. அம்மாவை விலத்திக்கொண்டு போக எனக்குப் பலம் இருந்தது. பயம் அதைவிடக் கூட இருந்தது. உள்ளே போனேன். சோதினை எழுதினேன். கம்பஸ் கிடைத்தது. தங்கத்துரையின் மகள் கம்பஸுக்குப் போகிறாள் என்று எங்கள் கரையில் ஒருவரும் கதைக்கவில்லை.

அப்பாவுக்கு ஓர்ஸ் ஹில்லில் ஒரு கந்தோரில் வாச்சர் வேலை கிடைத்தது. எந்தக் கந்தோர் என்பது இங்கே தேவையில்லை. நீலச் சட்டை, ஒரு தொப்பி, வாசலில் ஒரு பிளாஸ்டிக் கதிரை. முதல் நாள் வேலைக்கு வெளிக்கிட்டு நின்றபோது என்னைப் பார்த்து, “இப்ப அப்பாவுக்கும் கந்தோர் இருக்கு. கதிரையும் இருக்கு” என்றார். பகிடிக்குத்தான் சொன்னார். நான் சிரித்தேன். சிரித்துவிட்டுக் குசினிக்குள் போய் அடுப்படியில் நின்றேன்.

அந்தக் கதிரையில் இரண்டரை வருசம் இருந்தார். லீவுக்கு நான் வரும்போதெல்லாம் அவரைப் பார்க்க ஓர்ஸ் ஹில்லுக்குப் போவேன். வாகனம் வந்தால் எழும்பிக் கேற்றைத் திறப்பார். அதில் வருகிறவர்கள் முகத்தைப் பார்க்கமாட்டார்கள். ஒருவரும் அவரை அண்ணை, நீங்கள்தானே என்று கேட்கவில்லை. போன் மட்டும் மடியில் இருக்கும். இன்னும் பொலித்தீன் பைக்குள். “இனி என்னத்துக்கப்பா பை? இங்க தண்ணி படாதே” என்றேன். “பழக்கம்” என்றார். காற்றுப் பார்க்கும் அப்பை அவர் அழிக்கவில்லை. “இண்டைக்குக் கச்சான் காத்துக் கூட. எங்கட ஆக்கள் கவனமாப் போகோணும்” என்பார். எங்கட ஆக்கள்!

போன சித்திரையில், ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், அந்தக் கதிரையிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். நான் வந்து சேரும்போது வீட்டில் படுக்க வைத்திருந்தார்கள். நான் என்ன செய்தேன், எப்படி அழுதேன் என்றெல்லாம் எழுத எனக்கு விருப்பமில்லை. ஐயோ அப்பா என்று கத்தினது மட்டும் நினைவிருக்கிறது.

எங்கள் கரையில் ஒரு வழமை உண்டு. ஊரில் ஒரு சாவு விழுந்தால், எரிக்கக் கொண்டுபோகும் வரைக்கும் ஒரு வள்ளமும் கடலில் இறங்காது. செத்தது எதிரியாக இருந்தாலும், குடிகாரனாக இருந்தாலும், மூன்று நாள் முன்னம் வந்து குடியேறினவனாக இருந்தாலும் இறங்காது. வள்ளங்கள் எல்லாம் கரையில் ஏறி வரிசையாக நிற்கும். அதுதான் எங்கள் அஞ்சலி. பூவளையம், பனர் எல்லாம் பிறகு வந்தவை.

அடுத்த நாள் காலையில் செத்தவீட்டுப் பந்தலுக்குள் நின்றபோது எஞ்சின் சத்தம் கேட்டது. ஒன்று, பிறகு இன்னொன்று. பந்தலில் இருந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அம்மா அப்பாவின் காதைத் தன் இரண்டு கையாலும் பொத்தினார். செத்த மனுசனின் காதை, மிஸ். “இவருக்குக் கேக்கக் கூடாது, இவருக்குக் கேக்கக் கூடாது” என்று சொல்லிச் சொல்லிப் பொத்திக்கொண்டே இருந்தார்.

நான் வேலிக்கு வெளியே ஓடிப்போய்ப் பார்த்தேன். எல்லா வள்ளமும் போய்விட்டன. ஒன்றே ஒன்று மட்டும் கரையில் நின்றது. அப்பா கரையை விட்ட பிறகு கோணேஸ் மாமா வாங்கிய வள்ளம். ஏன் போகவில்லை என்று யாரோ கேட்டதற்கு, “எஞ்சின் பிழை” என்றாராம். ஊரில் யார் செத்தாலும் கண்ணீர் அஞ்சலி போடும் அந்தப் பேஸ்புக் பக்கத்தில், அப்பாவுக்கு மட்டும் போடவில்லை.

முப்பத்தோராம் நாள் கிரியை முடிந்த பிறகு கோணேஸ் மாமாவிடம் போனேன். இனியும் பொத்தி வைக்க என்னால் முடியாமல் போய்விட்டது. மாமா வள்ளத்தடியில் இருந்து தூண்டில் கட்டிக்கொண்டிருந்தார்.

“மாமா, அந்த வீடியோவை அப்பா போடேல்ல. நான்தான் போட்டனான்.”

அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “தெரியும் பிள்ளை. உனக்கு மட்டும் எண்டு அவன் அனுப்பேக்க நான் வள்ளத்தில இருந்தனான்தானே.”

“அப்ப ஏன் கூட்டத்தில சொல்லேல்ல?”

தூண்டிலைக் கீழே வைத்தார். “இரு, சொல்லுறன். நீ அழக்கூடாது” என்றார்.

“கேதீஸைத் தெரியும்தானே, உந்த ஊர்ப் பக்கத்தை நடத்துற பெடியன். அவன் உன்ர படத்தைப் போனில எடுத்து வச்சிருந்தவன். பள்ளிக்கூட உடுப்போட. ‘எங்கட கல்லை வித்த பெட்டை இவள்தான்’ எண்டு எழுதி, போடுறதுக்கு விரலை வச்சுக்கொண்டு நிக்கிறான். எல்லாரும் போடு போடு எண்டுறாங்கள். அப்பதான் கொப்பர் எழும்பினவன். ‘அதை அழி, நான்தான் போட்டனான்’ எண்டான். ஒருத்தரும் நம்பேல்ல. ‘உனக்குப் போனை அமத்தத் தெரியுமோ’ எண்டு சிரிச்சாங்கள். கற்பூரம் கேட்டது அவங்கள் இல்ல பிள்ளை. கொப்பர்தான் கேட்டவன். ‘கொண்டாங்கோ, அணைச்சுச் சொல்லுறன்’ எண்டான்.”

எனக்கு அந்தக் கறுத்த வட்டம் நினைவுக்கு வந்தது. தேங்காயெண்ணெய் வாசம்கூட வந்தது.

“எல்லாரும் கோயிலுக்குப் போனம். அம்மனுக்கு முன்னால, உள்ளங்கையால அடிச்சு அணைச்சான். ‘நான்தான் போட்டனான், என்ர பிள்ளைக்குத் தெரியாது’ எண்டான். மற்றவங்கள் டக்கெண்டு அடிச்சுப்போட்டுக் கையை எடுப்பாங்கள். இவன் எடுக்கேல்ல. நான்தான் இழுத்து எடுத்தனான். பிறகு ஆர் என்ன கதைக்கிறது? கேதீஸ் உன்ர படத்தை அழிச்சுப்போட்டு அவன்ர படத்தைப் போட்டான்.”

“நீங்கள் சொல்லியிருக்கலாம் மாமா.”

“என்னைப் பாத்தான் பிள்ளை. முப்பது வருசம் ஒண்டாத் தொழிலுக்குப் போனனாங்கள். அந்தப் பார்வைக்குப் பிறகு எப்பிடிச் சொல்லுறது?” சாரத்தின் நுனியால் முகத்தைத் துடைத்தார். “உன்ர பேரில ஒண்டும் வரக்கூடாது எண்டுதான் அவன் உதைச் செய்தவன். அதை நீ குழப்பிப்போடாத. போய்ப் படி.”

அவரும் போய்ப் படி என்றார். நானும் வந்து படித்தேன். பிறகு நீங்கள், மிஸ், முப்பது பேருக்கு முன்னால் என்னைக் கவனமான பிள்ளை என்றீர்கள்.

பைப்பை மூடிவிட்டு நான் திரும்பவும் கொம்பியூட்டர் அறைக்கு வந்தேன். எல்லாரும் போய்விட்டார்கள். அப்பாவின் பெயரையும் ஊரின் பெயரையும் தட்டினேன். அந்தப் பதிவுதான் முதலில் வந்தது. செத்த பிறகும் அப்பா அங்கே சிரித்துக்கொண்டிருக்கிறார், தலைக்கு மேல் அந்தச் சொல்லோடு. நானூற்றுப் பன்னிரண்டு பின்னூட்டம். மூன்று வருசமாக வாசிக்காமல் விட்டதை எல்லாம் ஒன்றும் விடாமல் வாசித்தேன். பார்வை என்று உங்களுக்கு ஏதாவது வேண்டுமென்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்: வெறும் பக்கம் வந்தால் அந்த ஆள் நல்லவர் என்று நினைக்காதீர்கள். அவருடைய பங்கை வேறு யாரோ சுமந்திருக்கலாம்.

பிறகு அதன் கீழே நானும் ஒன்று எழுதினேன். “இந்த வீடியோவைப் போட்டது இவர் இல்லை. இவர் எனக்கு மட்டும் என்று அனுப்பியதை, இவரைக் கேட்காமல் போட்டது நான். கோயிலில் இவர் செய்தது பொய்ச் சத்தியம். அதையும் எனக்காகத்தான் செய்தார். தங்கத்துரை அனுஷியா.” என் படத்தையும் சேர்த்தேன், பள்ளிக்கூட உடுப்போடு உள்ளதை.

கோணேஸ் மாமா ஏசுவார். அம்மா தலையில் அடித்துக்கொள்வார். அப்பா இருந்திருந்தால் கிணற்றடிக்குப் போயிருப்பார். அந்த வாளிச் சத்தத்தை ஒரு தரம் கேட்க முடிந்தால் நான் இந்தப் படிப்பையே விட்டுவிடுவேன்.

மிஸ், இன்னொரு தடவை என் பெயரைத் தேடிப் பாருங்கள். இப்போது வரும்.